பந்தைப் பிடிக்கிற கை டம்ளரை எடுக்கத் தயங்குவது ஏன்?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. பவானியில் ஜமக்காளத் தறி நெய்தவர். பார்க்கின்சன் நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். எதிரில் இருக்கும் டம்ளரை எடுக்கக் கை நின்று நின்று போகிறது. ஆனால் பேரன் உருட்டிவிடும் பந்தைச் சட்டென்று பிடித்துவிடுகிறார். "வேணும்னே பண்றாருங்க" என்கிறார் அம்மா. அப்படியும் இருக்குமா டாக்டர்?

பதில்: இல்லைங்க. அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்: அப்பா நடிக்கவில்லை. நீங்கள் பார்த்தது இந்த நோயின் குணம்தான்.

பார்க்கின்சனில் நடுமூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் அழிந்துகொண்டே வருகின்றன. ஒரு அசைவை நாமாகத் தொடங்குவதும், கையை எவ்வளவு தூரம், எவ்வளவு வேகமாக நீட்டுவது என்பதும் டோபமினை நம்பியிருக்கும் வேலைகள். டம்ளர் சும்மா இருக்கிறது. கையைக் கிளப்ப வேண்டியது அப்பாவின் மூளை. அங்கேதான் தடங்கல். பந்து உருண்டு வரும்போது கண்ணில் படுகிற அசைவே கையைக் கிளப்பிவிடுகிறது. கண் பார்த்துக் கை போகும் இந்த வேலையில் மூளையின் மேற்பரப்புக்கும் சிறுமூளைக்கும் பங்கு அதிகம். அந்தப் பாதை அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை என்று கருதுகிறோம்.

இதை வீட்டிலேயே பயன்படுத்தலாம். எவர்சில்வர் தட்டில் எவர்சில்வர் டம்ளர் வைத்தால் கண்ணுக்குப் பிடிப்பில்லை. டம்ளரைச் சுற்றிப் பளிச்சென்ற சிவப்பு டேப் ஒட்டுங்கள். "அந்தச் சிவப்பைத் தொடுங்கப்பா" என்று சொல்லிப் பாருங்கள். வெளிச்சமும் முக்கியம். தன் கை கண்ணுக்குத் தெரியாவிட்டால் இவர்களுடைய அசைவு இன்னும் சுருங்கும். எழுத எழுத எழுத்து சிறுத்துக்கொண்டே போனால், பிள்ளைகளின் நாலு கோடு நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்து, மேல்கோட்டைத் தொட்டு எழுதச் சொல்லுங்கள். பலருக்கு அந்தப் பக்கத்திலேயே எழுத்து பெரிதாகும். கோடு இல்லாத தாளில் மறுபடி சுருங்கலாம். மனம் தளர வேண்டாம்.

நடக்கும்போது கால் ஒட்டிக்கொண்டால் தரையில் குறுக்காக டேப் ஒட்டுவதும் உதவும். அதற்காகக் கோடு போட்ட ஜமக்காளத்தை நடைவழியில் விரித்துவிடாதீர்கள், தடுக்கி விழுந்துவிடுவார்.

இதெல்லாம் மாத்திரைக்கு மாற்று ஆகாது. மாத்திரை சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்துக் கை மந்தமாகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். அதை நரம்பியல் மருத்துவரிடம் காட்டினால், அளவையோ நேரத்தையோ மாற்றலாமா என்று அவர் பார்ப்பார்.