2020-ல் பட்டமளிப்பு விழா ரத்தான பிள்ளைகளுக்காக அமெரிக்கத் தெருக்களில் பெயர் போட்ட பலகை நட்டு, கார் ஊர்வலம் விட்டார்களே, அதை எப்படிச் செய்வது? எல்லாம் ஃபோட்டோவுக்காகத்தானே?

அந்தக் கடைசி வரி இல்லாமலிருந்தால் பதில் பாதியில் முடிந்திருக்கும். நீங்கள் அமெரிக்காவில் ஏதோ ஒரு புறநகரில் குடியேறியவர், மறுபடி ஒரு முறை பள்ளி மூடினால் உங்கள் தெருவில் இதை யாராவது தலையில் கட்டிவிடுவார்களோ என்று கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நமக்கு ப்ளஸ் டூ முடிந்தால் மார்க் வரும், அத்தோடு சரி. அங்கே ஹைஸ்கூல் கடைசி வருடத்தின் மே, ஜூன் என்பது ப்ராம் என்ற நடன விருந்து, விருது இரவு, கவுன் போட்டு மேடையேறித் தொப்பியின் குஞ்சத்தை வலமிருந்து இடம் மாற்றுவது என்று நான்கு வருடம் காத்திருந்து வருவது. 2020 மார்ச் நடுவில் கொரோனாவால் எல்லாம் நின்றது. நியூ ஜெர்சியில் திறந்தவெளி விழாவுக்கே ஜூலை 6-லிருந்துதான் அனுமதி, அதுவும் 500 பேருக்கு மேல் கூடாமல். மே 16 இரவு ஒபாமா பெரிய தொலைக்காட்சிகள் எல்லாவற்றிலும் வாழ்த்திப் பேசினார். டெக்சாஸ், கொலராடோ பள்ளிகளில் இரவு 8:20-க்கு, அதாவது 20:20-க்கு, காலி ஸ்டேடியத்தின் விளக்குகளை எரியவிட்டார்கள். நல்ல காரியங்கள்தான். ஆனால் மேடையில் நடந்திருக்க வேண்டியது ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் தனியாக வாசிப்பது. அதைத் தெருவால்தான் செய்ய முடிந்தது.

ஆகவே முதல் வேலை பலகை இல்லை, பட்டியல். கல்யாணப் பத்திரிகை மாதிரிதான்: கிடைத்தவர்கள் மறந்துவிடுவார்கள், விட்டுப்போனவர்கள் மறக்க மாட்டார்கள். பள்ளியிடம் பெயர் கேட்காதீர்கள். மாணவர் விவரம் வெளியிடுவதில் சட்டக் கட்டுப்பாடு இருப்பதால் பெரும்பாலும் கைவிரிப்பார்கள். ஒரு துண்டுச்சீட்டு அடித்து வீடு வீடாகக் கதவிடுக்கில் செருகுங்கள். தபால்பெட்டிக்குள் போடக் கூடாது. தபால்தலை ஒட்டாத எதையும் அதில் போடுவது அமெரிக்காவில் கூட்டரசுச் சட்டப்படி குற்றம். பல நல்ல மனிதர்கள் மிட்டாய்ப் பையை அதில் வைத்துவிட்டு முழிப்பார்கள். கதவுக் கைப்பிடியில் மாட்டலாம்.

பட்டியலில் வழக்கமாக விட்டுப்போகிறவர்கள்: தெருமுனை அபார்ட்மென்ட் பிள்ளைகள், வீட்டிலேயே படித்தவர்கள், தொழிற்கல்விப் பள்ளிக்குப் போனவர்கள், சிறப்புக் கல்வியில் 20, 21 வயதில் முடிப்பவர்கள், அப்பா வீடு அம்மா வீடு என்று இரண்டு முகவரி உள்ளவர்கள். இவர்களைத் தேடிப் பிடியுங்கள். பெயர் எழுத்தைப் பெற்றோரிடம் எழுத்தில் வாங்குங்கள், வாய்மொழியில் வேண்டாம். நம் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பதிவில் அப்பா பெயர் கடைசிப் பெயராக நிற்கும், சில சமயம் முன்னும் பின்னும் மாறியிருக்கும். பிள்ளையை எப்படிக் கூப்பிடுவார்களோ அதைப் போடுங்கள். முதல் பெயர் மட்டும் போதும்.

பலகைக்கு 4 மி.மீ. நெளி பிளாஸ்டிக், அகலம் 24 அங்குலம், உயரம் 18. கோரோபிளாஸ்ட் என்றால் எந்த அச்சுக்கடைக்கும் தெரியும். ஆர்டரில் ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்: உள்ளே ஓடும் குழல்கள் செங்குத்தாக இருக்க வேண்டும். கிடையாக வெட்டிவிட்டால் கம்பி ஏறாது, அத்தனையும் வீண். இரண்டு பக்கமும் அச்சு, சாலைக்குக் குறுக்கே நிற்கும்படி நடவு. அப்போதுதான் இரு திசையிலிருந்து வருபவர்களும் படிக்க முடியும். பெயர் எழுத்து 3 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மற்ற வாசகம் ஐந்தாறு சொற்களுக்கு மேல் போனால் காரில் போகிறவர் படிக்க மாட்டார். படம் போடுவதாக இருந்தால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பியது உதவாது, அது படத்தைச் சுருக்கிவிடும். டாகுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். முழு அளவுக்கு 150 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 150 புள்ளி, என்றால் 3600×2700 பிக்சல். பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் பெயரிடம் காலியாக விட்ட பலகைகளும் அடித்துவையுங்கள். கடைசி நாளில் ஒரு பெயர் வந்தே தீரும். அதை எண்ணெய் மையுள்ள பெயின்ட் மார்க்கரால் எழுதுங்கள். சாதாரண மார்க்கர் வெயிலில் வெளுக்கும்.

தாங்குவதற்கு 'எச்' வடிவக் கம்பி, 10×30 அங்குலம். முதலில் கம்பியை மண்ணில் இறக்கிவிட்டு அதன்மேல் பலகையைச் செருகுங்கள். சேர்த்து மாட்டிவிட்டு அழுத்தினால் குழல் கிழியும். மேல் நுனியில் சுத்தியலால் அடித்தால் கம்பி வளையும். கீழ்க் குறுக்குக் கம்பியில் காலை வைத்து மிதிக்க வேண்டும். மண் இறுகியிருந்தால் முதல் நாள் மாலை தண்ணீர் விடுங்கள். புல்வெளித் தெளிப்பான் குழாயும் நாய் எல்லை தாண்டாமலிருக்கப் புதைத்த மறைவேலிக் கம்பியும் மண்ணுக்குள் அதிக ஆழமில்லாமல் ஓடும், வீட்டுக்காரரைக் கேட்காமல் குத்தாதீர்கள். நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவிலுள்ள புல்பட்டை பெரும்பாலும் நகராட்சி உரிமை. அங்கே நட்டதைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். குடியிருப்போர் சங்கம் இருந்தால் தேதி போட்டு மின்னஞ்சலில் அனுமதி வாங்குங்கள். அபார்ட்மென்ட் பிள்ளைக்கு அதே பலகை, ஜன்னலுக்குள்ளிருந்து.

கார் ஊர்வலம். போலீஸுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், சில ஊரில் அனுமதிச்சீட்டு வேண்டும். 2020-ல் நியூ ஜெர்சியில் முதலில் இதையும் தடுத்துவிட்டு, மே நடுவில்தான் காரை விட்டு இறங்காத கூட்டத்துக்கு வழிவிட்டார்கள், ஆகவே அன்றைய உத்தரவைப் பாருங்கள். பாதை முழுக்க வலது திருப்பங்களாக வட்டமடிக்க வேண்டும். இடது திருப்பம் வந்தால் எதிரே வரும் வண்டிகள் வரிசையை அறுத்துவிடும். ரயில் கடவும் சிக்னலும் இல்லாத பாதை, மணிக்கு 5 முதல் 10 மைல் வேகம், வரிசைக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக விளக்கு போட்ட வண்டிகள். எந்த வீட்டின் முன்னும் நிற்கக் கூடாது. நின்றால் பின்னால் ஆம்புலன்ஸ் மாட்டும். சன்ரூஃபில் பிள்ளை எழுந்து நிற்பது படத்துக்கு அழகு, பிரேக் போட்டால் விபரீதம். காரில் ஒட்ட நீல நிற பெயின்டர்ஸ் டேப் மட்டும், மற்றது பெயின்டை உரிக்கும். சுண்ணாம்பு மார்க்கர் கண்ணாடியில் மட்டும். சக்கரம் வரை தொங்கும் ரிப்பன் வேண்டாம். பளபளக்கும் ஃபாயில் பலூனைப் பறக்கவிடாதீர்கள், மின்கம்பியில் பட்டால் தெருவே இருளும்.

பார்க்கிங் இடத்தில் காருக்குள் உட்கார்ந்தபடி விழா நடத்தினால், ஒலியை எஃப்எம்மில் அனுப்பலாம். உரிமம் இல்லாத சிறு டிரான்ஸ்மிட்டர் சட்டப்படி சுமார் 200 அடிதான் எட்டும். இடம் பெரிதென்றால் ஒலிபெருக்கிதான். எஞ்சினை அணைத்து ரேடியோ போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பழைய பேட்டரிகள் இரண்டு மூன்றாவது படுக்கும், ஜம்ப் ஸ்டார்ட்டர் தயாராக இருக்கட்டும்.

'சீனியரைத் தத்தெடுப்போம்' என்று, கடைசி வருடப் பிள்ளைக்கு முன்பின் தெரியாதவர் பரிசு அனுப்பும் ஃபேஸ்புக் குழுக்கள் வந்தன. பரிசு கொடுப்பது நல்லது. பிள்ளையின் முழுப்பெயர், பள்ளி, படம், முகவரி எல்லாவற்றையும் ஒரே பதிவில் போட்டது நல்லதல்ல. பள்ளியின் பெயரும் முடித்த வருடமும் கடவுச்சொல் மீட்புக் கேள்விகளுக்குப் பதில் என்று பெட்டர் பிசினஸ் பியூரோ என்ற நுகர்வோர் அமைப்பு 2020 ஏப்ரலிலேயே எச்சரித்தது.

உயிர் போகிற காலத்தில் பலகை ஒரு கேடா என்று பின்னூட்டம் வரும், தெரியும். பலகை நட்டவர்களில் பலர் அதே வாரம் முதியவர்களுக்கு மளிகையும் வாங்கிக் கொடுத்தார்கள். ஒன்று செய்தால் மற்றொன்று நின்றுவிடாது.

என் எரிச்சல் வேறு. நம்மவர்கள் பலகை என்றதும் கேட்கும் முதல் கேள்வி, "காலேஜ் பேரும் போடலாமா?" போடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை கம்யூனிட்டி காலேஜ் என்ற உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரிக்குப் போகும், எதிர்வீட்டுப் பிள்ளை ராணுவத்தில் சேரும், ஒரு பிள்ளைக்கு இன்னும் எதுவும் முடிவாகியிருக்காது. நாடே முடங்கிய வருடத்தில்கூடத் தெருவில் ரேங்க் லிஸ்ட் ஒட்டியாக வேண்டுமா? 'எங்கள் பிள்ளைக்குக் கொஞ்சம் பெரிய பலகை, காசு நாங்களே தருகிறோம்' என்பவர்களுக்கும் இதே பதில். எல்லாருக்கும் ஒரே அளவு, ஒரே நிறம். செலவைப் பொதுவில் திரட்டுங்கள், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

இரண்டு வாரத்தில் எடுத்துவிடுங்கள். பலகையைப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள், பெரும்பாலான ஊர்களின் மறுசுழற்சித் தொட்டியில் அது சேராது. கம்பிகளை எண்ணி வாங்கி வையுங்கள், அடுத்த வருடத்துக்கு ஆகும். ஒன்று குறைந்தாலும் தேடுங்கள், புல்லுக்குள் கிடந்தால் புல்வெட்டியின் பிளேடு போய்விடும்.