கம்பிக்கு முன்னால் ஒரு எக்கோ

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

15 வயது மகனின் நெஞ்சு நடுவில் குழி விழுந்திருக்கிறது, அது உங்கள் பிழையா, இதயத்தை நசுக்கிவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். கால்சியம் குறைந்தால் நெஞ்சு குழி விழாது. வயிற்றில் பிள்ளையோடு கொழுந்துச் சாக்கு சுமந்ததாலும் விழாது. நெஞ்செலும்பை விலாவோடு சேர்க்கும் குருத்தெலும்பு கோணலாக வளர்வதால் வருவது இது. ஆண் பிள்ளைகளுக்கே அதிகம். கிடுகிடுவென்று உயரும் வயதில் இன்னும் ஆழமாகும். கால்சியம் குளிசை, சத்துமா டின் எல்லாவற்றையும் இன்றோடு நிறுத்துங்கள். டொக்டர் யாரும் நெஞ்சைச் சோதித்துப் பார்க்காமல், குழியை உறிஞ்சி இழுக்கவென்று பார்மசியில் வாங்கிய பம்பும் வேண்டாம்.

குழியால் இதயம் நசுங்கி நின்றுவிடாது. ஆழமான குழி இதயத்தை இடப்பக்கம் ஒதுக்கும், மேடு ஏறினால் மூச்சு வாங்கும். அவ்வளவுதான்.

குழியை நிமிர்த்த நெஞ்சுக்குள் வைக்கும், யூடியூபில் பார்த்த கம்பியைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, கடைசி வரியில் போகிற போக்கில் சொல்கிறீர்கள்: "இவன் அப்பாவும் இப்படித்தான் நெட்டையாக, ஒல்லியாக இருந்தார். 36 வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழும்பவில்லை." உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இதுதான். எனக்கும் இதுதான் கவலை.

மார்ஃபான் என்றொரு பரம்பரை நோய் உண்டு. ஆள் நெடுநெடுவென்று வளர்வார், கைவிரல் நீளும், நெஞ்சு குழியும். இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி சத்தமில்லாமல் விரிந்து ஒருநாள் கிழியலாம். பையனைக் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி மற்ற விரல்களால் மூடச் சொல்லுங்கள். சுண்டுவிரல் பக்கம் கட்டைவிரல் நகம் முழுதாக வெளியே வருகிறதா? சின்ன வயதிலேயே தடித்த கண்ணாடியா? இல்லையென்றாலும் எக்கோ, அதாவது ஒலி அலையால் இதயத்தையும் பெருநாடியையும் பார்க்கும் ஸ்கேன், எடுத்தே ஆக வேண்டும்.

அடுத்த கிழமையே நுவரெலியா வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். தேவையென்றால் கண்டிக்கு அனுப்புவார்கள். குழியைக் காட்டுவதற்கு முன் அப்பாவின் கதையைச் சொல்லுங்கள். மரணச் சான்றிதழ் பிரதியும் கையில் இருக்கட்டும். தங்கச்சியையும் காட்டுங்கள், அப்பாவுக்கு இந்த நோய் இருந்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெருநாடி விரிந்திருந்தால் அதை மெதுவாக்க மாத்திரை இருக்கிறது, நேரத்தோடு செய்யும் ஆபரேஷனும் இருக்கிறது.

எக்கோ முடியும்வரை மாமா சொன்ன ஜிம் வேண்டவே வேண்டாம். பாரம் தூக்கினால் குழி நிரம்பாது, பிரஷர்தான் ஏறும். நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பது போலத் திடீர் வலி வந்தால் கசாயம் வைத்துக்கொண்டிருக்காதீர்கள், 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

இனிக் கம்பி. அமெரிக்காவில் டொக்டர் டொனால்ட் நஸ் 1987இல் தொடங்கிய முறை. இரண்டு விலாப்பக்கமும் சின்ன வெட்டு. கமெரா வழியாகப் பார்த்துக்கொண்டே வளைந்த உலோகக் கம்பியை நெஞ்செலும்புக்கு அடியில் செலுத்திப் புரட்டினால், குழி அங்கேயே மேலெழும். எலும்பை வெட்டுவதில்லை. ஏறத்தாழ மூன்று வருடத்தில் கம்பியை எடுத்துவிடுவார்கள். முதல் சில வாரம் வலி கடுமை, அதை மறைக்க மாட்டேன். கம்பி இதயத்தை ஒட்டியே போவதால் பழகிய கையில்தான் செய்ய வேண்டும். எல்லாக் குழிக்கும் இது தேவையில்லை. சீடி ஸ்கேனில் ஆழத்தை அளந்து, மூச்சையும் பார்த்துத்தான் முடிவு. பள்ளிக்கூடத்தில் சேட்டைக் கழற்றக் கூசுகிறான் என்பதையும் சொல்லுங்கள், அதுவும் கணக்கில் வரும். 15 வயது நல்ல வயதுதான், அவசரமில்லை. பின்னால் பெருநாடிக்கு நெஞ்சைத் திறக்க நேர்ந்தால் கம்பி குறுக்கே நிற்கும், அதனால் எக்கோ முதலில்.

பெல்ட் பக்கிள், மணிக்கூட்டு வார் பட்டால் அவனுக்குச் சொறியுமா? சத்திரசிகிச்சை நிபுணரிடம் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். நிக்கல் ஒவ்வாத பிள்ளைகளுக்கு டைட்டேனியம் கம்பி வைப்பார்கள்.