மூத்திரம் தேயிலைச் சாயம் போல் போனால்

கேள்வி: ஹெபடைடிஸ் பி வந்து ஈரல் சுருங்கியதால் அப்பாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் மாற்று ஈரல் வைத்தார்கள். கை நடுங்குது, முடி கொட்டுது, தழும்பு கடிக்குது. அந்த வைரஸ் எல்லாருக்கும் திரும்பி வருமென்று இன்டர்நெட்டில் கிடக்கு. பேரப்பிள்ளைகள் அவரின் கோப்பையில் சாப்பிடலாமா? என்டெகாவிர் குளிசை முடிந்து மூன்று கிழமை, கீழ்க்காய்நெல்லிச் சாறு குடிக்கிறார். நாலு நாளாக மூத்திரம் தேயிலைச் சாயம் போல் போகுது. – மகள், ஒட்டுசுட்டான்

பதில்: பிள்ளை, கடைசி இரண்டு வரியையும் முதலில் எழுதியிருக்கவேண்டும். இன்றைக்கே அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்கவேண்டாம்.

பழைய ஈரலை எடுத்தாலும் வைரஸ் இரத்தத்திலும் வேறு உறுப்புகளிலும் ஒளித்திருக்கும். புது ஈரலை உடம்பு தள்ளாமலிருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ், வைரஸுக்கும் வாசலைத் திறந்துவிடும். அந்த வாசலில் காவல் நிற்பதுதான் என்டெகாவிர். நீங்கள் வாசித்தது தடுப்பு மருந்தில்லாத காலத்துக் கணக்கு. அப்போது 100 பேரில் 80 பேருக்கு மேல் திரும்பி வந்தது. மருந்தை ஒழுங்காக எடுப்பவர்களில் இன்று 10 பேருக்கும் குறைவு. ஆனால் உங்கள் அப்பா மூன்று கிழமையாகக் காவலில்லாமல் இருக்கிறார்.

மூத்திரம் இப்படிப் போவதற்குக் காரணம் வைரஸ்தான் என்று நான் இங்கிருந்து சொல்லமாட்டேன். உடம்பு ஈரலைத் தள்ளலாம், பித்தக்குழாய் அடைபடலாம், வயலில் இறங்குபவரென்றால் எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். ஈரல் பரிசோதனையும் வைரஸ் அளவும் பார்த்தால்தான் தெரியும். மாற்று ஈரல் வைத்த வைத்தியர்களோடும் இன்றே கதைக்கச் சொல்லுங்கள். நேரத்துக்குப் பிடித்தால் பெரும்பாலும் மருந்தாலேயே வைரஸை அடக்கலாம், ஈரலும் தப்பும். டாக்ரோலிமஸை மட்டும் நீங்களாக நிறுத்தவேண்டாம். என்டெகாவிர் திரும்பக் கிடைத்தால் வெறும் வயிற்றில் வழமையான அளவே. விட்ட நாளுக்கெல்லாம் சேர்த்துப் போடுவதில்லை.

கீழ்க்காய்நெல்லி செங்கமாரிக்கு எங்கள் ஊர் மருந்துதான், நான் பழிக்கவில்லை. மாற்று ஈரல்காரருக்கு அது என்டெகாவிர் ஆகாது. குளிசை முடிந்த அன்றே கேட்டிருந்தால் மூன்று கிழமை காவலில்லாமல் போயிருக்காது.

கை நடுக்கமும் முடி கொட்டுவதும் பெரும்பாலும் டாக்ரோலிமஸ் செய்யும் வேலை. இரத்தத்தில் அதன் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். தழும்புக் கடிக்குத் தேங்காயெண்ணெய் போதும். கோப்பையால் இந்த வைரஸ் தொற்றாது, பேரப்பிள்ளைகள் தாராளமாகச் சாப்பிடட்டும். சவரக்கத்தியும் பல்துலக்கியும் மட்டும் அவருக்குத் தனியாக இருக்கட்டும். வீட்டில் இந்த வைரஸுக்குத் தடுப்பூசி போடாத பெரியவர்கள் இருந்தால் மூன்று ஊசியும் போடவேண்டும்.

போகும்போது வெறும் குளிசை மட்டையையும் அந்தச் சாற்றுப் போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள். ஒன்றையும் ஒளிக்கவேண்டாம்.