தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள்

கேள்வி: எனக்கு 61 வயது. 18 வருடமாகச் சர்க்கரை நோய். இருமினால்கூடச் சிறுநீர் கசிகிறது. அவசரம் வந்தால் அடக்க முடியவில்லை. தண்ணீரைக் குறைத்துவிட்டேன். அடுத்த மாதம் பேத்தியின் காதணி விழாவுக்குக் கும்பகோணம் போக வேண்டும். பஸ்ஸை நினைத்தாலே பயமாக இருக்கிறது.
– விருத்தாசலம் வாசகி

பதில்: அம்மா, முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தும்; அவசரம் கூடும், கிருமித்தொற்றும் வரலாம். குறைக்க வேண்டியது காபியை.

ரத்தச் சர்க்கரை 180-ஐத் தாண்டினால் சிறுநீர் அதிகமாகும். நாள்பட்ட சர்க்கரை நரம்பைப் பாதித்தால் பை முழுவதும் காலியாகாமல் நிரம்பி வழியும். சிறுநீர் கழித்த பின் ஒரு ஸ்கேன் எடுத்தாலே இது தெரிந்துவிடும். மருத்துவரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். செவிலியராக இருந்த நாளில், ஐந்தாறு வருடம் வாய் திறக்காமலே தவித்த பெண்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

இன்று எனக்கும் கசிவு உண்டு. அவசரம் வருமுன்பே, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்குப் போய்விடுகிறேன். சிறுநீரை அடக்கும் இடுப்படித் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை விடுவதில்லை. பலன் தெரிய மூன்று மாதம் ஆயிற்று. வெளியூர் என்றால் மஞ்சள் பையில் இரண்டு பேட், அடர்நிறப் பாவாடை, ஈரத்துணிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. நனைந்த பேடை உடனே மாற்றுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோல் சீக்கிரம் புண்ணாகும்.

பஸ்ஸில் நடைபாதை ஓரத்து இருக்கை கேளுங்கள். பேத்தியை மடியில் வைத்துக்கொள்ள நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.