நாகர்கோவில் பின்கோடு 629001 பகா எண்ணா? கால்குலேட்டர் இல்லாமல் எப்படிப் பார்ப்பது? வேறு என்ன சிறப்பு உண்டு?

பகா எண் இல்லை. இலக்கங்களைக் கூட்டினால் 18 வருகிறது, ஆகவே 9-ஆல் வகுபடும். ஈவு 69889. இதன் இலக்கங்களின் கூட்டல் 40 என்பதால் 3-க்கு இனி வேலை இல்லை.

பிள்ளைகள் திணறுவது இந்த 69889-ல்தான். 264-ன் வர்க்கம் 69696, 265-ன் வர்க்கம் 70225. அதனால் 263 வரை உள்ள பகா எண்களைச் சோதிக்க வேண்டி வரலாம். ஆனால் 629-ல் தொடங்கும் பின்கோடுகளுக்கு ஒரு அருமையான வசதி இருக்கிறது: 629 = 17 × 37. எனவே 17, 37 இரண்டுக்கும் கடைசி மூன்று இலக்கங்களைப் பார்த்தாலே போதும். கன்னியாகுமரியின் 629702-க்கு 702-ஐ மட்டும் வகுத்துப் பாருங்கள், இரண்டாலும் வகுபடாது. நாகர்கோவிலுக்கு மிஞ்சுவது 001, ஆகவே இரண்டும் கழிந்தன.

7, 11, 13 மூன்றையும் ஒரே கழித்தலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் 7 × 11 × 13 = 1001. முதல் மூன்று இலக்கங்களிலிருந்து கடைசி மூன்றைக் கழித்து, வருவதைச் சோதித்தால் போதும்: 629 − 1 = 628. இதை அவற்றால் வகுத்தால் மீதி 5, 1, 4, மூன்றும் ஆகாது. கடைசி இலக்கம் 9 என்பதால் 5-ம் இல்லை.

பாக்கி 19, 23, 29, 31, 41, 43. இவற்றால் 69889-ஐ வகுத்தால் முறையே 7, 15, 28, 15, 25, 14 மீதி வரும். இங்கே சலித்துப்போய் "பகா எண்தான்" என்று எழுதிவிடுகிறார்கள். அடுத்த 47-ல் மீதியின்றி வகுபட்டு 1487 கிடைக்கிறது.

1487-ஐ மறுபடி முதலிலிருந்து சோதிக்கத் தேவையே இல்லை. 39-ன் வர்க்கம் 1521, அதனால் 37 வரை பார்த்தால் போதும்; அந்த எண்கள் எல்லாம் 69889-லேயே தோற்றுவிட்டன. அதை வகுக்காதது அதன் காரணியை எப்படி வகுக்கும்? ஆக 1487 பகா எண்.

629001 = 3² × 47 × 1487

அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால் 3 × 2 × 2 = 12 காரணிகள். அவற்றின் கூட்டுத்தொகை 13 × 48 × 1488 = 928512. எண்ணையே கழித்தால் 299511தான் மிஞ்சும், ஆகவே இது குறைவெண் (தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டல் தன்னைவிடக் குறைவாக உள்ள எண்).

எனக்கு மிகவும் பிடித்த பண்பு வர்க்கங்களில் இருக்கிறது. 4-ஆல் வகுத்தால் மீதி 1 வருவதைப் பார்த்து, இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம் என்று நினைக்கத் தோன்றும். முடியாது. 47, 1487 இரண்டுமே 4-ஆல் வகுத்தால் 3 மீதி தருபவை, இரண்டும் ஒற்றைப்படை அடுக்கில் நிற்கின்றன. அப்படி ஒன்று இருந்தாலே வழி அடைபட்டுவிடும். மூன்று வர்க்கங்களாக எழுதலாம்: 792² + 36² + 21². மூன்றையும் 3-ஆல் வகுத்தால் 264² + 12² + 7², அது அதே 69889.