ஆர்ட்மோர் லெகசி: இளசான, லேசாகப் புகையும் ஹைலேண்ட் விஸ்கி (கேள்வி பதில்)

கே: புகை வாசனை என்றால் ஸ்காட்லாந்தின் ஐலா தீவுச் சரக்குதானே? ஹைலேண்டில், அதாவது வடக்கு மலைப்பகுதியில், ஏது?

ப: ஆர்ட்மோர் வடிசாலை இருப்பது ஹைலேண்டின் அபர்டீன்ஷயரில், கென்னத்மாண்ட் அருகே. 1898ல் ஆடம் டீச்சர் தொடங்கியது. நம்மூர்ப் பார்களில் பார்க்கும் டீச்சர்ஸ் கலவைக்குள் இருக்கும் புகை இங்கிருந்து போவதுதான். முளைகட்டிய பார்லியை உலர்த்தும்போது பீட், அதாவது சதுப்பில் மட்கிய செடிகொடி மண், எரிப்பார்கள். அந்தப் புகையின் ஃபீனால்கள், அதாவது புகை வாசனை தரும் வேதிப்பொருள்கள், தானியத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆர்ட்மோரின் மால்ட்டில் (அந்த முளைகட்டிய பார்லி) ஃபீனால் 12 முதல் 14 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் அத்தனை பங்கு. ஐலாவின் ஆர்ட்பெக் என்ற விஸ்கியின் மால்ட்டில் சுமார் 55. அளவு மட்டுமல்ல, மண்ணும் வேறு. ஐலா பீட்டில் டிஞ்சர் நெடி வரும். இந்த மண்ணில் காய்ந்த விறகுப் புகைதான். லெகசியில் இன்னும் மென்மை, ஏனென்றால் 20 சதவீதம் புகையில்லாத மால்ட்.

கே: எப்படிச் சுவைப்பது?

ப: வாய் குறுகிய கிளாசில் 30 மில்லி. முதலில் முகவாய்க்கு நேராகப் பிடித்து, வாயை லேசாகத் திறந்து முகருங்கள். மூக்கைக் கிளாசுக்குள் விடாதீர்கள். ஆல்கஹால் மூக்கை மரத்துப்போக வைத்துவிடும். தேன், வெனிலா, பச்சை ஆப்பிள் வரும், புகை அவற்றுக்குப் பின்னால். சிறு மிடறு எடுத்து நாக்கில் உருட்டினால் இனிப்பு, கொஞ்சம் மிளகு. விழுங்கியபின் வறண்ட புகை. இளசு என்பது பச்சைத் தானிய வாசனையில் தெரியும். குடித்து முடித்ததும் கிளாசைக் கழுவாமல் பத்து நிமிடம் விட்டு முகர்ந்து பாருங்கள். ஃபீனால்கள் மெதுவாக ஆவியாவதால் புகை அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

கே: ஐஸ் போடலாமா?

ப: சுவைத்துப் பார்க்கும்போது வேண்டாம். குளிரில் வாசனை அடங்கிவிடும்.

கே: தண்ணீர்?

ப: சில துளிகள். 2017ல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினி மாதிரியில் காட்டியது இது: தண்ணீர் சேரும்போது குவாயகால் என்ற புகை வாசனை மூலக்கூறு மேற்பரப்புக்கு வருகிறது. லெகசியில் ஆல்கஹால் ஏற்கெனவே 40 சதவீதம்தான், ஆகவே நிறைய ஊற்றாதீர்கள்.

கே: சர்க்கரை நோய் இருக்கிறது, குடிக்கலாமா?

ப: மருத்துவரிடம் கேளுங்கள்.

கே: லெகசி போல வயது போடாத பாட்டில் ஏமாற்று வேலை. 12 வருடத்துக்குக் குறைந்ததைத் தொடவே கூடாது.

ப: இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஸ்காட்ச் என்றாலே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம், அது சட்டம். பாட்டிலில் வயது போட்டால் உள்ளிருப்பதிலேயே இளையதன் வயதைத்தான் போட வேண்டும். பீப்பாயில் வருடம் ஏற ஏற புகை மங்கும், மரம் முன்னுக்கு வரும். லேசான புகை உள்ள சரக்கை ரொம்ப நாள் வைத்தால் நாம் தேடிவந்ததே போய்விடும்.

கே: அப்படியானால் 30 வருட விஸ்கிக்கு ஏன் அவ்வளவு விலை?

ப: ஸ்காட்லாந்துக் கிடங்கில் வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. 30 வருடத்தில் மிஞ்சுவது குறைவு, விலை ஏறுகிறது. அது அரிதானது என்பதற்கான விலை. அதை வைத்து இளசைத் தாழ்த்த முடியாது. ஆனால் உங்கள் கோபத்தில் ஒரு நியாயம் உண்டு: வயதைச் சொல்லியிருக்கலாம். 2014ல் லெகசி வருவதற்கு முன் இருந்த ஆர்ட்மோர் டிரடிஷனல் காஸ்க் 46 சதவீத ஆல்கஹால், குளிர வைத்து வடிகட்டாதது. வாயில் அதற்கு இருந்த கனம் இதில் இல்லை. குறை சொல்வதென்றால் இதைச் சொல்லுங்கள், வயதை விடுங்கள்.

கே: பெரிய ஐஸ் கட்டி என்றால் பரவாயில்லையா?

ப: மேலே சொல்லிவிட்டேன். கட்டி பெரிதானாலும் குளிர் குளிர்தான்.

கே: முகர்ந்தால் எரிச்சல்தான் வருகிறது, வாசனையே இல்லை.

ப: மூக்கு கிளாசுக்குள் இருக்கிறது. வெளியே எடுங்கள்.

கே: விலை என்ன?

ப: ஊருக்கு ஊர் வரி வேறு. கடையில் கேளுங்கள்.

கே: இதோடு ஒப்பிட்டுப் பார்க்க எதை வாங்கலாம்?

ப: பென்ரோமாக் 10. ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பகுதிச் சரக்கு, அதுவும் லேசான புகைதான், 43 சதவீதம். ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாயின் உலர்பழ வாசனை அதில் கூடவே வரும். லெகசியை முதலில் சுவையுங்கள்.