ராஜினாமாவில் கைநாட்டு வேண்டாம்

கேள்வி: அம்மா ஒரு மாநகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். 11 வருடத்தில் மூன்று ஒப்பந்ததாரர்களைப் பார்த்துவிட்டார். இப்போது நான்காவது கம்பெனி வருகிறது, வார்டுக்கு ஆள் குறைப்பார்களாம். "ராஜினாமா எழுதிக் கொடுத்தால்தான் புதிதாகச் சேர்ப்போம்" என்கிறார் மேஸ்திரி. பி.எஃப். பணத்தை எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் வீட்டுக்கே வருகிறார். என்ன செய்யலாம்?

பதில்: ராஜினாமா எழுதக் கூடாது. இன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அவர் கூட்டும் தெரு மாறவில்லை, தள்ளுவண்டி மாறவில்லை, மேஸ்திரிகூட மாறவில்லை. பில் போடும் கம்பெனிதான் மாறுகிறது. அதற்கு இவர் ஏன் விலக வேண்டும்? "சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்" என்ற ஒரு வரி கையில் இருந்தால் போதும், நாளைக்குப் பட்டியலில் பெயர் விடுபட்டாலும் "நாங்கள் நீக்கவில்லை, அவராகவே போனார்" என்று முடித்துவிடுவார்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் சொல்லவே வேண்டாம்.

அப்புறம் அந்த பி.எஃப். ஆள். எனக்கு நிஜமாகவே கோபம் வருவது இவர்கள் மேல்தான். பி.எஃப். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடப் பணிக்காலம் வேண்டும். அம்மாவுக்கு 11 இருக்கிறது. ஆனால் மூன்று கம்பெனி, மூன்று கணக்கு. எந்தக் கணக்கையும் தனியாகப் பார்த்தால் பத்து வராது. இணைக்காமல் விட்டிருந்தால், ஒவ்வொன்றாகப் படிவம் போட்டு ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிடலாம். அந்த ஆளுக்குக் கமிஷன் கிடைக்கும், அம்மாவுக்கு ஆயுளுக்கும் வரவேண்டிய ஓய்வூதியம் போய்விடும். அதனால் முதல் வேலை, மூன்றையும் ஒரே யு.ஏ.என். எண்ணின் (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கீழ் கொண்டுவருவது. பி.எஃப். அலுவலகத்தில் இதற்குக் காசு கிடையாது.

கூட வேலை செய்பவர்களுக்கும் ஒன்று சொல்லுங்கள். பத்து என்றால் முழுதாகப் பத்து வேண்டியதில்லை. ஆறு மாதமோ அதற்கு மேலோ உள்ள மிச்சத்தை ஒரு வருடமாகக் கணக்கிடுவார்கள், ஆகவே ஒன்பதரை வருடம் இருந்தாலே தகுதி வந்துவிடும். ஒன்பது வருடம் ஏழு மாதம் முடித்த ஒரு அம்மாவிடம் "உங்களுக்குக் கிடைக்காது, எடுத்துவிடுங்கள்" என்று ஒரு ஏஜெண்ட் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். ஏழு மாதத்தை அவர் எண்ணவே இல்லை!

"பணம் கொடுத்தால் நிரந்தரம்" என்றும் யாராவது வருவார்கள். நிரந்தரம் அரசாணையில் வரும், இல்லாவிட்டால் வழக்கில் வரும். மேஸ்திரியின் சட்டைப்பையில் இருந்து வராது. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தால் நிரந்தரம் என்ற 1981-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டத்தை எல்லோரும் சொல்வார்கள். சட்டம் இருக்கிறது. ஆனால் மஸ்டரில், அதாவது வருகைப்பதிவேட்டில், ஒப்பந்ததாரர் பெயர்தான் இருக்கும், மாநகராட்சி "எங்கள் ஆள் இல்லை" என்று கைவிரிக்கும். அதனால் அடையாள அட்டை, சம்பளம் ஏறிய வங்கிப் புத்தகம், வருகைப்பதிவின் போட்டோ, எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஒப்பந்ததாரர் சம்பளப் பாக்கி வைத்தால் மாநகராட்சிதான் கொடுத்தாக வேண்டும், அதையும் நினைவில் வையுங்கள்.

ஆள்குறைப்பு மேலிருந்தே வருகிறது. 2022-இல் வந்த அரசாணை 152, மாநகராட்சிகளின் துப்புரவு வேலையை வெளியாட்களிடம் விடச் சொன்னது. சென்னையில் 5, 6-ஆம் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்ததற்காக 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்தார்கள், கடைசியில் ராத்திரியோடு ராத்திரியாகப் போலீஸ் அப்புறப்படுத்தியது. நிதி இல்லை என்றால் முதலில் வெட்டு விழுவது விளக்குமாறு பிடிக்கும் கையில்தான். உங்கள் ஊர் டெண்டரில் எத்தனை பேருக்குப் பில் போகிறது, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும்.

வேலைக்கு வராதே என்று நிறுத்திவிட்டால் தொழிலாளர் துறை சமரச அலுவலரிடம் மனு போடுங்கள். கம்பெனிக்காரர் வரமாட்டார், வாய்தா மேல் வாய்தா போகும். அதற்காகச் சும்மா இருக்காதீர்கள். வேலையை விட்டு நிறுத்திய நாளிலிருந்து வழக்குப் போட முன்பு மூன்று வருட அவகாசம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள புதிய தொழிலுறவுச் சட்டத்தில் இரண்டு வருடம்தான். மனுவின் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். தர மறுத்தால் அதே மனுவை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.